‘நீ’ என்னும் ஒரு சொல்: கனூரி இலக்கணமும் ஓர் இளநிலை ஆய்வேடும்

இறையியல் இளநிலைப் பட்டத்திற்கு ஆய்வேடு எழுத முன்வரும் மாணவர்கள் கொண்டுவரும் தலைப்புகள் பெரும்பாலும் ஆசிரியர் எதிர்பார்க்கும் வட்டத்துக்குள்ளேயே அமையும். ரோமர் நிருபத்தில் ஓர் அதிகாரம், தம் சொந்த ஊர்ச் சபையின் வரலாறு, தலித் இறையியலில் ஒரு கூறு என்பன போல. சில ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூர்ச் சபையொன்றில் வார இறுதி ஊழியம் செய்துவந்த இறுதியாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த தலைப்பு அவ்வட்டத்துக்கு வெளியே நின்றது. ‘தமிழும் ஆப்பிரிக்க மொழிகளும்: இரத்த உறவின் சான்றுகள்’ என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார்.

தலைப்பு எங்கிருந்து பிறந்தது என்று வினவினேன். ஆவடியிலும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் எழுந்துள்ள தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க நாடுகளின் மாணவர் பலர் பயில்கின்றனர். அவர்களுட் சிலர் ஞாயிறுதோறும் ஆங்கில ஆராதனைக்கு வருவதுண்டு. அவ்வாறு வந்த தான்சானியா நாட்டு இளைஞர் ஒருவர் நம் மாணவருக்கு நண்பரானார். இருவரும் அந்த நண்பருக்காக வாடகை வீடு தேடி மூன்று வாரம் அலைந்தனர். தொலைபேசியில் ‘வாருங்கள்’ என்ற வீட்டுக்காரர்கள், நேரில் ஆளைக் கண்டதும் ‘இப்பொழுதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்’ என்றனர். தெருவில் சிறுவர்கள் நிறத்தைச் சொல்லிக் கூவினர். கூவிய சிறுவர்களின் நிறமும் நம் மாணவரின் நிறமும் அந்த நண்பரின் நிறத்தினின்று பெரிதும் வேறுபட்டவையல்ல என்பது தனி வேதனை. ‘இவர்களும் நாமும் ஒரே குலம் என்று மொழியைக் கொண்டு நிறுவிவிட்டால் இந்த வெட்கக்கேடு ஒழியும், ஐயா’ என்றார் மாணவர்.

நான் திருச்சபை வரலாறு கற்பிப்பவன், மொழியியலாளன் அல்லன். எனினும் மறுக்க மனம் வரவில்லை. மேலும், அவர் கேட்ட கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அந்த வரலாற்றின் முதற்பகுதி மிஷன் பங்களாக்களிலும் ஓர் இறையியல் கல்லூரியிலுமே நிகழ்ந்தது என்பதும் எனக்கு ஓரளவு தெரிந்திருந்தன. அந்த வரலாற்றையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஆப்பிரிக்காவுக்குப் புறப்படுமுன் வீட்டு வாசலில் ஒரு பயிற்சி தேவைப்பட்டது. ‘தம்பி, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி: இம்மூன்று பெயர்களுக்கும் ஊரார் கூறும் பொருளைக் கேட்டு வாருங்கள்’ என்று அனுப்பினேன். ஒரே வாரத்தில் வந்துவிட்டார். ஐம்பத்தொன்றாவது சக்தித் தலம் ஆதலால் ‘ஐம்பத்தூர்’, அதுவே அம்பத்தூர் ஆயிற்று என்றனர் சிலர். திருக்கச்சி நம்பியின் பூந்தொண்டோடு பூவிருந்தவல்லியை இணைத்தனர் சிலர். ஆவடியைப் பற்றித்தான் யாவரும் மிக உறுதியாகப் பேசினராம்: கவச வாகனங்களும் படைக்கலக் கிடங்கும் அங்கே இருப்பதால், ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்டு அம்யூனிஷன் டெப்போ ஆஃப் இந்தியா’ என்பதன் முதலெழுத்துகளே ஆவடி! கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரே இதைச் சொன்னாராம்.

அத்தொழிற்சாலை எழுந்தது 1960-களில். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணியிலான சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியபோதே அவ்வூரின் பெயர் ஆவடிதான். இதை மாணவரே கண்டுபிடித்து வந்து சிரித்தார். விளக்கம் எவ்வளவு பொருத்தமாக இருக்கின்றதோ அவ்வளவு ஐயத்தோடு அதை அணுகவேண்டும் என்பதைச் சொற்பிறப்பு ஆராய்ச்சிக்குப் புதியவர் இதைவிட எளிதாகக் கற்றுக்கொள்ள இயலாது. ஒலி ஒத்துவருகிறது, பொருளும் ஒத்துவருகிறது, சொல்பவரோ நேர்மையானவர். ஆயினும் காலம் ஒத்துவரவில்லை.

இரண்டாவது பயிற்சி நம் வேதாகமத்திலிருந்தே கிடைத்தது. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்க 1 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரத்தில் வரும் எபிரெயச் சொல், தமிழின் ‘தோகை’யோடு தொடர்புடையது என்று பேராயர் கால்டுவெல் எடுத்துக்காட்டியதை நம் ஆயர்களில் பலர் பிரசங்கத்தில் மேற்கோள் காட்டுவர். அது உண்மையே என்று கொள்வோம். அதனால் எபிரெயமும் தமிழும் உடன்பிறப்புகள் ஆகிவிடுமா? ஆகா. மயில் கப்பலேறிப் போயிற்று. அதன் பெயரும் உடன் போயிற்று. கடன் பெற்ற சொல் வாணிகத்துக்குச் சான்று, குருதியுறவுக்குச் சான்றன்று. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமல் எழுதப்பட்ட நூல்கள் ஒரு சிறு நூலகத்தை நிரப்பும்.

இனிக் கால்டுவெல்லிடம் வருவோம். 1838-இல் இலண்டன் மிஷனெரியாகச் சென்னையில் வந்திறங்கி, 1841-இல் கால்நடையாகத் தெற்கே சென்று, இடையன்குடியில் தங்கிய அவர், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார் என்பது நாம் அறிந்ததே. திராவிட மொழிகள் சமஸ்கிருதத்தின் கிளைகள் அல்ல என்று அந்நூல் நிறுவியதையே நாம் நினைவிற் கொண்டுள்ளோம். அதன் முன்னுரையில், உலகின் வேறு எம்மொழிகளோடு இவற்றுக்கு உறவு இருக்கலாம் என்று அவர் நெடுந்தூரம் தேடிச் சென்ற பகுதியை நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கின்றோம்? அந்தத் தேடலில் அவர் ஆப்பிரிக்காவின் நடுவே ஓரிடத்தில் சற்று நிற்கின்றார். சாட் ஏரியின் மேற்கே, போர்னு நாட்டில் வழங்கும் கனூரி மொழியே அவ்விடம்.

கனூரியில் அவர் கண்டவை யாவை? சொல்லின் பின்னே ஒட்டுகள் அடுக்கப்படுகின்றன. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின் வருகின்றன. நாம் ‘வந்தானோ, வந்தானே, வந்தானா’ என்று ஓரெழுத்தை இறுதியிற் சேர்த்து ஐயத்தையும் தேற்றத்தையும் வினாவையும் உணர்த்துவது போலவே கனூரியாரும் உணர்த்துகின்றனர். ‘செய்யேன், வாரான்’ என்றாற்போல வினைக்குத் தனி எதிர்மறை வடிவம் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக அவரைக் கவர்ந்தது முன்னிலைப் பெயர்: கனூரியிலும் ‘நீ’ என்பது ‘நி’.

நம் மாணவர் இந்த இடத்தைக் கன்னிமாரா நூலகத்தில் அமர்ந்து படித்துவிட்டு, மாலை இரயிலில் அம்பத்தூருக்குத் திரும்பும் வழியிலேயே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் அத்தனை மகிழ்ச்சி. ‘அடுத்த வாக்கியத்தையும் படித்தீரா?’ என்று கேட்டேன். படித்திருந்தார், ஆனால் குறித்துக்கொள்ளவில்லை. கால்டுவெல் அங்கேயே தம் கூற்றுக்கு வரம்பு கட்டிவிடுகின்றார். இவ்வொற்றுமைகளிற் பெரும்பாலானவை பொதுத்தன்மை உடையவை என்கின்றார். ‘நி’ என்னும் முன்னிலைப் பெயரும் பிராகுவி, சீனம், ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் ஆகியவற்றிலும் காணப்படுவதே என்று நினைவூட்டுகின்றார். கனூரி பிற ஆப்பிரிக்க மொழிகளினின்று மிகவும் வேறுபட்டு நிற்பதால், அதன் உறவு முழுமையாக ஆராயப்படவேண்டும் என்பதே அவர் முடிபு. தமக்கு விருப்பமான ஒரு சான்று கையிற் கிடைத்தபோதும் அதன் எடையைக் கூட்டாமல் வைத்த அந்த ஒழுக்கத்தை நம் மாணவர்க்கு நான் எடுத்துரைத்தேன். ஆனால் கால்டுவெல்லின் எல்லா முடிபுகளும் இத்தகைய நிதானம் உடையன அல்ல. ‘சித்திய’ மொழிக்குடும்பத்தோடு திராவிடத்தை அவர் பிணைத்தது இன்று நிற்கவில்லை.

அன்று மாலை நண்பரின் வாயிலிருந்து வேறொரு பாடமும் கிடைத்தது. மாணவர் தம் கண்டுபிடிப்பைத் தான்சானியா நண்பரிடம் சொன்னபோது அவர் நகைத்தாராம். சுவாஹிலியிலும் ‘நி’ உண்டு. ஆனால் வினையின் முன் நின்று அது ‘நான்’ என்று பொருள்படும். ‘நினாபெண்டா’ என்றால் ‘நான் நேசிக்கிறேன்’. ‘மிமி நி ம்வானாஃபுன்ஸி’ என்றால் ‘நான் மாணவன்’; அங்கே ‘நி’ என்பது ‘ஆவேன்’ என்னும் இணைப்பு. ‘நியும்பானி’ என்றால் ‘வீட்டில்’. அங்கே இறுதி ‘நி’ இடவேற்றுமை. ஒரே மொழியில் ஓரொலிக்கு மூன்று வேலைகள். மூன்றில் எதுவும் நம் ‘நீ’ அன்று. எல்லா மொழிகளுக்கும் உயிரொலிகளும் மெய்யொலிகளும் அளவானவை. ஓரசைச் சொற்கள் எங்கேனும் முட்டிக்கொள்ளவே செய்யும். சீனர் ‘நீ’ என்பதை ஏறக்குறைய நம்மைப் போலவே சொல்கின்றனர். அதனால் எவரும் பெய்ஜிங்குக்கும் ஆவடிக்கும் மணவினை பேசுவதில்லை.

நான் நெடுநேரம் தங்க விரும்பும் இடம் இனி வருவதே. இடையன்குடியில் இருந்த கால்டுவெல்லுக்குக் கனூரியின் ‘நி’ எவ்வாறு தெரிந்தது?

ஜெர்மனியின் வுர்ட்டெம்பெர்க் நாட்டிற் பிறந்து, பாசெல் மிஷனிற் பயின்று, பின்னர்ச் சர்ச் மிஷனெரி சங்கத்தில் சேர்ந்தவர் சிகிஸ்மண்ட் வில்ஹெல்ம் கோயெல்லெ. 1847-இல் மேற்காப்பிரிக்காவின் சியெரா லியோனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஃப்ரீடவுனில் ஃபூரா பே என்னும் கல்லூரியில் எபிரெயம் கற்பித்தார். அக்கல்லூரி தொடங்கப்பட்ட ஆண்டு 1827. நம் செராம்பூர்க் கல்லூரி டென்மார்க் அரசரிடம் பட்டயம் பெற்றதும் அதே ஆண்டே. ஃபூரா பேயின் முதல் மாணவர்களுள் ஒருவர் சாமுவேல் அஜாயி கிரவுதர். அடிமையாகப் பிடிபட்டு 1822-இல் மீட்கப்பட்ட யொரூபாச் சிறுவர் அவர். தம் தாய்மொழிக்குத் தாமே இலக்கணமும் சொற்றொகுதியும் வெளியிட்டு, வேதாகம மொழிபெயர்ப்பை முன்னின்று நடத்தி, 1864-இல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர், அதாவது அசரியா, பேராயரானது 1912-இல் என்பதை ஒப்பு நோக்குக.

1807-இல் பிரித்தானியா அடிமை வாணிகத்தைத் தடை செய்த பின்னர், அதன் கடற்படை வழிமறித்த கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டோர் ஃப்ரீடவுனில் இறக்கப்பட்டனர். செனெகல் முதல் அங்கோலா வரையிலும், மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவர்கள் அந்தச் சிறு நகரில் குடியமர்ந்தனர். மொழியாய்வாளனுக்கு அதைவிட வாய்ப்பான இடம் உலகில் வேறில்லை; ஆனால் அந்த வாய்ப்பு எதன் விளைவு என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கும். கோயெல்லெ அவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். ஒரே பட்டியலிலிருந்த ஏறக்குறைய 300 சொற்களையும் சொற்றொடர்களையும் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிற் கூற எழுதிக்கொண்டார். 1854-இல் வெளிவந்த அவருடைய ‘பாலிகிளாட்டா ஆப்பிரிக்கானா’ நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் சொற்களைப் பக்கம் பக்கமாகத் தருகின்றது.

அந்நூலின் முன்பகுதியில் அவர் செய்த ஒரு காரியமே என் உள்ளத்தைத் தொட்டது. சொல் தந்தவர் இன்னார், அவருடைய சொந்தப் பெயர் இது, ஃப்ரீடவுனில் இடப்பட்ட பெயர் இது, பிறந்த ஊர் இது, எத்தனை வயதில் எவ்வாறு பிடிபட்டார், ஊரை விட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின, அவர் மொழி பேசுவோர் இங்கே எத்தனை பேர் என்று ஒவ்வொருவரையும் பற்றிக் குறித்துவைத்தார். தம் மொழியைப் பேச வேறொருவரும் அந்நகரில் இல்லாத தனியரும் அவர்களுள் இருந்தனர். பல்லாண்டுகளாகத் தம் காதாலும் கேட்டிராத தாய்மொழியில் ‘தாய்’, ‘தீ’, ‘நீர்’ என்று ஒருவர் மீண்டும் கூறிப்பார்க்கும் அந்த அறையை எண்ணிப் பாருங்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1965-இல், ஹேர் என்னும் வரலாற்றறிஞர் அந்தக் குறிப்புகளை மட்டுமே கொண்டு மக்கள் எவ்வெவ்வாறு அடிமைகளாக்கப்பட்டனர் என்று ஒரு கட்டுரை எழுதினார். போரிற் பிடிபட்டோர், கடத்தப்பட்டோர், கடனுக்காக விற்கப்பட்டோர், தீர்ப்பால் விற்கப்பட்டோர் என்று. மொழியாய்வுக்காக எழுதிய முன்னுரை, அடிமை வாணிக வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாயிற்று.

கனூரி மொழியைக் கோயெல்லெவுக்குக் கற்பித்தவர் அலி எய்சாமி. போர்னுவின் காசிர் பகுதியைச் சேர்ந்த இஸ்லாமிய மார்க்க அறிஞர் ஒருவரின் மகன். ஃபுலானியரின் படையெடுப்பில் ஊர் அழிந்தது. பஞ்சமும் கொள்ளைநோயும் தொடர்ந்தன. அவர் பிடிபட்டு விற்கப்பட்டார். கைமாறிக் கைமாறி யொரூபா நாட்டின் ஓயோ வரை சென்றார். அங்கே இலோரினில் அடிமைகள் கலகத்திற் சேர்ந்து விடுதலை பெறுகின்றனர் என்ற செய்தி பரவியபோது, இவரும் ஓடிவிடுவார் என்றஞ்சிய எசமானர் இவரைக் கடற்கரைக்கு விற்றுவிட்டார். ஏற்றிய கப்பலைப் பிரித்தானியக் கடற்படை பிடித்தது. 1818-இல் ஃப்ரீடவுன் வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு வில்லியம் ஹார்டிங் என்று பெயர் வைத்தனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, முதியவரான அவர் கோயெல்லெவின் முன் அமர்ந்து தம் மக்களின் கதைகளையும் பழமொழிகளையும் தம் வரலாற்றையும் கனூரியில் சொல்லச் சொல்ல, கோயெல்லெ எழுதினார். 1854-இல் கனூரி இலக்கணம் ஒரு நூலாகவும், அக்கதைகள் இன்னொரு நூலாகவும் வெளிவந்தன.

அந்த இலக்கணமே கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆகவே, கால்டுவெல் தம் நூலில் எழுதிய அந்த ‘நி’, அலி எய்சாமியின் வாயிலிருந்து வந்த சொல். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த நாளில்தான் நம் மாணவரின் ஆய்வேடு திசை மாறிற்று. தமிழரும் ஆப்பிரிக்கரும் ஆதியில் ஒரு தாய் வயிற்றினரோ அல்லரோ, நாம் அறியோம். ஆனால் போர்னுவின் ஒரு மனிதர் ஒரு சொல்லைக் கூறினார். அது நம் நாட்டில் எழுதப்பட்ட நூலொன்றில் இடம் பெற்றது. இடையில் இருந்த ஒவ்வொரு கையையும் நாம் பெயரிட்டுச் சொல்லலாம்.

ஆப்பிரிக்க மொழியியலில் மாணவர் எழுதிய ஆய்வேடு என்று தேடினால், வரலாற்றிற் புகழ்பெற்றது வில்ஹெல்ம் பிளேக் 1851-இல் பான் பல்கலைக்கழகத்திற்கு இலத்தீனில் எழுதி அளித்ததாகும். அவர் தந்தை ஃப்ரீட்ரிஷ் பிளேக், பழைய ஏற்பாட்டு முன்னுரை நூலால் நம் மூத்த ஆசிரியர்களுக்குத் தெரிந்த இறையியற் பேராசிரியர். மகனின் பொருள், தென்னாப்பிரிக்க மொழிகளின் பெயர்ச்சொற்களில் காணும் பால்பாகுபாடும் வகுப்புகளும். கொய்கொய் மக்களின் மொழியில் ஆண்பால் பெண்பால் உண்டு. வடவாப்பிரிக்க மொழிகளிலும் உண்டு. ஆகவே இரண்டும் ஒரு குலம் என்று அவர் வாதிட்டார். முடிபு தவறு, பின்வந்தோர் தள்ளிவிட்டனர். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1855-இல் பேராயர் கொலென்சோவுடன் நேட்டாலுக்குச் சென்று ஜூலு மொழியைக் கற்றார். தென்பாதி ஆப்பிரிக்கா முழுவதும் பரவியுள்ள மொழிக்குடும்பத்துக்கு ‘பாண்டு’, அதாவது ‘மக்கள்’, என்று பெயரிட்டவர் அவரே. தவறான முடிபோடு தொடங்கிய மாணவர் நிலைத்த பெயரொன்றை விட்டுச் சென்றார் என்பதை, மதிப்பெண் அஞ்சும் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு.

கொலென்சோவின் கதையை இங்கே முழுதும் கூற இடமில்லை. வெள்ளப்பெருக்கின் வரலாற்றை ஜூலுவில் மொழிபெயர்க்கையில், உடனிருந்து உதவிய வில்லியம் ஙிடி ‘இவையெல்லாம் உண்மையா?’ என்று வினவியதும், அவ்வினா பேராயரை 1862-இல் ஐந்தாகமங்களைக் குறித்த நூலுக்கு இட்டுச் சென்றதும், அதனால் திருச்சபையே கலங்கியதும் நம் வகுப்பறைகளுக்குப் புதியன அல்ல. சொல் தந்தவர் கேள்வியும் தந்தார். அதே நேட்டாலின் டர்பன் துறையில் 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கிற்று. தமிழும் ஜூலுவும் மெய்யாகவே ஒரே கரும்புத் தோட்டத்தில் சந்தித்தது அங்கேதான். பிளேக்கோ அதற்குள் கேப்டவுனுக்குப் போய்விட்டார். 1870 தொடங்கி, சிறையிலிருந்த சான் இனத்தாரைத் தம் வீட்டில் தங்கவைத்து, மைத்துனி லூசி லாயிடுடன் அவர்களுடைய ‘ஸாம்’ மொழியை எழுதினார். குறிப்பேடுகள் ஏறக்குறைய 12,000 பக்கம். அம்மொழி இன்று பேசுவாரின்றி மறைந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கக் குடியரசு தன் இலச்சினையில் பொறித்த வாசகம் மட்டும் அம்மொழியில் உள்ளது.

திராவிட-ஆப்பிரிக்க உறவு என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் உயிர்பெற்றது மிஷனெரிமாரால் அன்று. பிரெஞ்சு மொழியியலாளரான லிலியாஸ் ஓம்பர்ஜே அம்மையார் 1940-களின் இறுதியில் ஃபுலானி மொழியில் திராவிடக் கூறுகள் உண்டென எழுதினார். அவரை ஆசிரியராகக் கொண்டவர் லெயோபோல்ட் செடார் செங்கோர். செனெகலின் செரேர் இனத்தவர்; குருவாகும் விருப்போடு கத்தோலிக்கக் குருமடத்திற் பயின்று, பின்னர்ப் பாரிசில் இலக்கணத்தில் உயர் தகுதி பெற்றவர்; வொலோஃப் மொழியின் பெயர் வகுப்புகளைப் பற்றித் தாமே ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர்; கவிஞர்; 1960 முதல் 1980 வரை செனெகலின் குடியரசுத் தலைவர். 1974-இல் சென்னைக்கு வந்து, கறுப்பின மக்களின் பண்பாடும் திராவிடப் பண்பாடும் உறவுடையன என்று பேசினார். டக்காரில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுக்கு வழி செய்தார். உ. ப. உபாத்தியாயா, சுசீலா உபாத்தியாயா தம்பதியர் அங்கே பணியாற்றி 1983-இல் ஒரு நூல் வெளியிட்டனர். தமிழறிஞர் க. ப. அறவாணன் 1970-களின் பிற்பகுதியில் டக்கார் சென்று அதே துறையில் உழைத்தார்.

இவர்களுடைய உழைப்பை இகழ எனக்கு உரிமையில்லை, விருப்பமுமில்லை. ஐரோப்பியர் ‘வரலாறற்றவர்’ என்று ஒதுக்கிய இரு மக்கள் ஒருவரையொருவர் நோக்கிக் கைநீட்டிய காலம் அது. அக்கைநீட்டலின் மேன்மையை மொழியியலின் தீர்ப்பு குறைத்துவிடாது. எனினும் தீர்ப்பைச் சொல்லாமல் விடலாகாது. உறவுடைய மொழிகளில் ஒற்றுமை ஒழுங்குடையதாக இருக்கும். தமிழில் ‘பால், பல், பத்து’ என்பன கன்னடத்தில் ‘ஹாலு, ஹல்லு, ஹத்து’. பகரம் ஹகரமாவது ஒரு சொல்லில் மட்டும் அன்று. வரிசை வரிசையாக நிகழ்கின்றது. தமிழின் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’. ‘செய்’ என்பதோ ‘கெய்’. வேறுபாட்டிலும் விதி உண்டு. அவ்விதியே உறவின் சான்று. தமிழுக்கும் வொலோஃபுக்கும், தமிழுக்கும் ஃபுலானிக்கும் இடையே அத்தகைய விதியை எவரும் காட்டவில்லை; ஒலியால் ஒத்த சொற்களின் பட்டியல்களே காட்டப்பட்டன. பாண்டு மொழிகள் சொல்லின் முன்னே ஒட்டுகளைச் சேர்ப்பன. தமிழ் பின்னே சேர்ப்பது. திராவிட மொழிக்குடும்பத்துக்கு வெளியுறவு எதுவும் இன்னும் நிறுவப்படவில்லை என்பதே பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி முதலிய அறிஞரின் நிலை.

கனூரியின் உறவை ஆராய வேண்டும் என்ற கால்டுவெல்லின் விருப்பமும் நிறைவேறிவிட்டது. 1963-இல் ஜோசஃப் கிரீன்பெர்க் ஆப்பிரிக்க மொழிகளை நான்கு பெருங்குடும்பங்களாக வகுத்தபோது, கனூரி நைலோ-சஹாரக் குடும்பத்திற் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவினர் சஹாராவின் தெடா முதலிய மொழிகள். அக்கனூரி ‘நி’க்கு உடன்பிறப்புகள் அங்கேயே இருந்தன.

இவ்வளவும் படித்து முடித்தபோது நம் மாணவர் சோர்ந்துபோனார். ‘அப்படியானால் என் நண்பருக்கு வீடு தராதவரிடம் நான் எதைக் காட்டுவேன், ஐயா?’ என்றார். எனக்கும் உடனே விடை தோன்றவில்லை. பிறகு கேட்டேன்: ‘கனூரியும் தமிழும் ஒன்றென்று நிறுவப்பட்டால் வீடு தருவாரா? அந்த வீட்டுக்காரர் தம் மொழியையே பேசுகின்ற, தம் ஊரிலேயே பிறந்த எத்தனையோ பேருக்கு வீடு மறுத்தவர் அல்லரா?’ மாணவர் தலை குனிந்தார். அவர் பெற்றோர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்த காலத்தில் வீடு தேடிப் பட்டது அவருக்கே தெரிந்த கதை. சாதியை விசாரித்த பின்னரே சாவியை எடுத்தவர்கள் பேசியதும் தமிழே. ஒரே இரத்தம் என்ற அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தின் அறிக்கை ஒப்பிலக்கணத்தின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். நியாயாதிபதிகள் 12-இல் ‘ஷிபோலேத்’ என்ற சொல்லைச் சரியாக உச்சரிக்காததால் யோர்தான் துறையில் வெட்டுண்டவர்களும் இஸ்ரவேலரே என்பதை அவரே நினைவூட்டினார்.

தலைப்பு மாறிற்று. ‘சியெரா லியோனிலும் தென்னிந்தியாவிலும் மிஷனெரி மொழியாய்வு: சொல் தந்தோர் வரலாறு’ என்று அமைத்தார். கோயெல்லெ பெயர் குறித்து வைத்த இடத்தில், நம் நாட்டு மிஷனெரி இலக்கணங்கள் பலவும் ‘என் முன்ஷி’ என்று ஒரே சொல்லில் கடந்துபோனதை எடுத்துக்காட்டிய மூன்றாம் அதிகாரமே ஆய்வேட்டின் வலிமை. நானும் அங்கேதான் கற்றேன். இருபது ஆண்டுகள் கற்பித்தும் அந்த ‘முன்ஷி’ யார் என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. குறையும் உண்டு: கனூரி இலக்கணத்தை அவரால் முழுதும் பயில முடியவில்லை, இரண்டாம் அதிகாரம் மெலிந்தது. தேர்வாளர் அதைச் சுட்டியது நியாயமே.

ஆய்வேட்டின் முகப்பில் நன்றியுரைக்குப் பதிலாக அவர் ஒரு பட்டியல் வைத்தார். ஆவடியின் பெயருக்குப் பொருள் சொன்ன ஓய்வுபெற்ற தொழிலாளி முதல், சுவாஹிலியின் மூன்று ‘நி’களைக் கற்பித்த நண்பர் வரை, சொல் தந்த ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த ஊரும், அவ்வூரை விட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதும் அதில் இருந்தன. தட்டச்சுப் படியில் தான்சானியா நண்பரின் ஊர்ப்பெயர் பிழையாக இருந்தது. கட்டுவதற்கு முந்திய நாள் அவரே வந்து, சிவப்பு மையால் ஓரெழுத்தை அடித்துத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.